சுழி

மஞ்சக்குப்பத்து ஊழியர் மனமகிழ் மன்றத்தில்
ஆட ஆரம்பித்ததும் மின்விசிறியை நிறுத்திவிடுவோம்.
பந்து மூன்று கிராம்கூட இல்லை,
காற்று கூப்பிட்டால் போய்விடும்.
மாசி மாதம்தான். அதற்குள்
மட்டைப்பிடியில் இறங்கிய வியர்வை
சுண்டுவிரல் வழியே சொட்டுகிறது.

நான் நில அளவர்.
நேர்கோட்டுக்குச் சம்பளம் வாங்குகிறவள்.
கல்லுக்குக் கல் நாடா பிடித்து,
தொடங்கும் இடத்தில் சுழி என்று எழுதி,
வேலிச் சண்டைக்காரர்கள் இருவரும் முறைக்க முறைக்கக்
கோடு போடுகிறவள்.
என் சர்வும் அப்படியேதான் போனது இத்தனை வருஷம்.
தையில் நடந்த போட்டியில்
கூட்டுறவு வங்கி லூர்து ஜெயசீலி
சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குகிறவள்போல
ஒவ்வொன்றாய் எடுத்து மூலையில் வைத்தாள்.
கை குலுக்கும்போது சொன்னாள்:
"உங்க பந்துல ஒண்ணுமே இல்லக்கா."

அன்றிரவே ஒரு பந்தில் பாதியை
மார்க்கரால் கறுப்பாக்கினேன்.
கறுப்பும் வெள்ளையும் தனித்தனியே தெரிந்தால்
சுழலவில்லை.
கலந்து சாம்பலாகிவிட்டால் சுழல்கிறது.
மாசி முழுக்கத் தனித்தனியாகத்தான் தெரிந்தது.

கலிவரதன், கருவூலத்துக்காரன், இடக்கை.
எதிர்ப்பக்கம் நின்று பந்து பொறுக்கிப் போடுவான்.
எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.
"அடிக்காதீங்க மேடம், உரசுங்க" என்றான் ஒரு நாள்.
"தீக்குச்சி மாதிரியா?"
"தெரியல. யாரோ சொன்னாங்க."
தீக்குச்சி மாதிரி உரசினேன்.
பந்து மேசையையே தொடவில்லை.
இளநீர் சீவுகிற மாதிரி சீவினேன்.
மேசை விளிம்பில் பட்டு நகம் கறுத்தது.
தோசை திருப்புகிற மாதிரியும் செய்தேன்,
அதில் என்ன நடந்தது என்று சொல்ல மாட்டேன்.
எந்த மாதிரியும் கைகொடுக்கவில்லை.

கடல் பக்கத்தில்தான்.
உப்புக்காற்று ரப்பரில் படிந்து பிடிமானத்தைத் தின்றுவிடும்.
ஈர ஸ்பாஞ்சால் துடைத்து உள்ளங்கையால் தேய்ப்பேன்,
கிரீச் என்றால்தான் அடுத்த சர்வ்.
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பும் நாளில்
ஜன்னலையும் சாத்திவிட்டு ஆடுவோம்.

ராத்திரியில் சமையலறைத் தரை, சிவப்பு சிமெண்ட்.
முன்னால் போட்ட பந்து குதித்து
என்னிடமே திரும்பி வர வேண்டும்.
ஃப்ரிட்ஜுக்கு அடியில் போனது.
துடைப்பத்தால் தள்ளி எடுத்தபோது கூடவே வந்தது
போன வருஷம் தொலைத்த தோட்டின் திருகாணி.
"பல்லியா?" என்றார் கணவர், தூக்கத்தில்.

சித்திரையில் ஒரு நாள்
கை களைத்து, பிடி தளர்ந்து,
இதோடு போதும் என்ற பந்தில்
மட்டை அதன் அடிவயிற்றைச் சத்தமில்லாமல் கடந்தது.
பந்து இரண்டு முறை குதித்தது.
யோசித்தது.
பிறகு உருண்டு வந்து என் கால் கட்டைவிரலில் முட்டியது,
சாம்பல் நிறத்தில்.
விளக்கை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
இறுக்கிப் பிடித்தால் சுழலாது.
இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஆனியில் புதுச்சேரி. உப்பளத்தில் போட்டி.
ஜெயசீலிதான்.
முதல் ஆறு பந்து வலையில் போட்டாள்.
பிறகு புரிந்துகொண்டாள், வங்கிக்காரி அல்லவா,
மட்டையைத் திறந்து அடியில் விட்டு
அளவாக அள்ளி அனுப்பினாள்.
ஐந்தாவது செட். ஒன்பதுக்குப் பத்து. சர்வ் என்னுடையது.
உள்ளங்கையை விரித்தேன். எறிந்தேன்.
அதே இறக்கம், அதே வீச்சு, அதே முகம்.
தொட்ட கணத்தில் மட்டும்
மணிக்கட்டைச் சும்மா விட்டேன்.
போட்டிப் பந்து முழு வெள்ளை. அவளுக்கு எப்படித் தெரியும்?
அடியில் விட்டு அள்ளினாள்.
பந்து எழும்பியது, எழும்பியது,
விளக்கைத் தொட்டுவிடும்போல எழும்பியது,
என் தலைக்கு மேல் பூசணிக்காய் பருமனில் நின்றது.
ஓங்கி அடித்தேன்.
வலை.

கலிவரதன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஜெயசீலி குலுக்கிய கையை விடவில்லை.
"அந்தக் கடைசி சர்வுல என்னக்கா போட்டீங்க?"
"சுழி" என்றேன்.
அதான் தெரியுமே என்பதுபோல் தலையாட்டினாள்.
கன்னியக்கோயில் தாண்டும்வரை பஸ்ஸில்
கலிவரதனிடம்கூட அர்த்தம் சொல்லவில்லை.